சம்பளம் இல்லை, காமிரா உண்டு!
46 ஆண்டுகள் காடு சுற்றிய நெல்லைக்காரர்

நெல்லையிலிருந்து தென்காசிக்குப் போகும் ரெயில் சேரன்மகாதேவியில் நிற்கிறது. இறங்கிச் சிறிது நடந்தால் கன்னடியன் கால்வாய். வடக்கே தாமிரபரணி. மேற்கே பார்த்தால் மலை. காலை வெயில் பட்டதும் அந்த மலை நீலத்திலிருந்து பச்சைக்கு மாறும். நெல் வயலில் வெள்ளைக் கொக்குகள் வரிசையாக நிற்கும்.

படம் பிடிக்கத் தெரிந்தவனுக்கு இதைப் பார்த்தால் கை துறுதுறுக்கும்.

இப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் தோளில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அலையும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஒருவன் பக்தவத்சலப் பெருமாள் கோவில் சிற்பத்தைப் பிடிப்பான். இன்னொருவன் பத்தமடைக்குப் போய்ப் பாய் நெய்கிற கைகளைப் பிடிப்பான். கூந்தன்குளத்துக்குப் போய் நாரைக் கூட்டத்துக்கு முன்னால் நாள் முழுவதும் தவம் கிடப்பவனும் உண்டு. கல்யாண முகூர்த்த நாட்களில் இவர்களில் பலர் மணவறைக்கு முன்னால் நிற்பார்கள். அந்தப் பணத்தில் அடுத்த பயணம்!

வீட்டில் அப்பா கேட்பார்:

"ஏலே, இதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சா வயிறு நிறையுமாலே?"

அம்மா சமாதானம் சொல்வாள்: "விடுங்க, புள்ள ஆசைப்படுதான்."

அப்பா கேட்பதில் தப்பு இல்லை. மாதம் பிறந்தால் அரிசிக்காரருக்கும் பால்காரருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! படம் பிடித்து விற்று, அந்தக் காசிலேயே ஊர் சுற்றி, அதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள முடியுமா? குடும்பம் நடத்த முடியுமா?

முடியும் என்று காட்டிய ஒருவர் இதே நெல்லைச் சீமையில் பிறந்தார். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

நாவலாசிரியரின் மகன்

1912 ஜூன் 30ந் தேதி திருநெல்வேலியில் கிருஷ்ணன் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தகப்பனார் அ. மாதவையா. 'பத்மாவதி சரித்திரம்' என்ற நாவலை எழுதியவர். தமிழில் நாவல் என்ற ஒன்று பிறந்து தவழ்ந்த காலத்தில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர். அந்நாளைய நெல்லை மாவட்டத்துப் பெருங்குளத்துக்காரர்.

மாதவையா உப்பு இலாகாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, எழுத்தே தொழில் என்று சென்னையில் 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். 1925ல், சென்னைப் பல்கலைக் கழகத்தின் செனட் சபையில் தமிழுக்காகப் பேசிவிட்டு அமர்ந்தவர், அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேனாவை நம்பிய தகப்பனுக்கு, உத்தியோகத்தை விட்டுக் காட்டுக்குப் போன மகன். குலத்தொழிலை மகன் விடவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

சென்னை மாநிலக் கல்லூரியில் கிருஷ்ணன் படித்தார். அங்கே தாவரவியல் பேராசிரியர் பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, கோடைக்கானல் மலைச் செடிகளைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியவர். அவர் மலைக்குப் போகும்போது மாணவன் கிருஷ்ணனும் கூடப் போவது உண்டு. பைசனின் மனைவி நன்றாகப் படம் வரைவார். அவரிடம் கிருஷ்ணன் வண்ணம் தீட்டக் கற்றார். காட்டைப் பார்க்கும் கண் ஒருவரிடம், அதைத் தாளில் இறக்கும் கை இன்னொருவரிடம். ஒரே வீட்டில் இரண்டு வாத்தியார்கள்!

பி.ஏ., எம்.ஏ., அதற்கு மேல் சட்டப் படிப்பு. இவ்வளவு படித்தும் வேலை என்று எதுவும் ஒழுங்காக வாய்க்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுத்தார். கேலிச் சித்திரம் வரைந்து கொடுத்தார். 1937ல் கல்யாணமும் ஆயிற்று. மனைவி பெயர் இந்துமதி.

ராஜா கொடுத்த வேலை

1942ல் ஒரு வழி பிறந்தது. பெல்லாரிக்குப் பக்கத்தில் சண்டூர் என்று ஒரு குட்டி சமஸ்தானம். அதன் ராஜா கிருஷ்ணனுக்கு வேலை கொடுத்தார்.

என்ன வேலை என்றா கேட்கிறீர்கள்? பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, ராஜாவின் அரசியல் காரியதரிசி. எல்லாம் ஒருவரே! சின்ன சமஸ்தானத்தில் அப்படித்தான்.

ஓய்வு நேரம் முழுவதும் காட்டில் கழிந்தது. சண்டூரைச் சுற்றிலும் மலையும் புதரும். நரியையும் ஓநாயையும் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கிருஷ்ணன் செம்மறி ஆடு வளர்த்துப் பார்த்தார். தூது போகும் புறாக்களைப் பழக்கிப் பார்த்தார். இரண்டும் லாபம் தரவில்லை. ஆனால் புறாப் பைத்தியம் மட்டும் போகவே இல்லை.

சுதந்திரம் வந்தது. சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்தியாவோடு சேர்ந்தன. 1949ல் சண்டூரும் சேர்ந்தது. ராஜாவுக்கே ராஜ்யம் இல்லை. காரியதரிசிக்கு வேலை எங்கே?

கிருஷ்ணனுக்கு அப்போது வயது 37. மனைவி உண்டு; மகன் உண்டு. சட்டம் படித்தவர். இன்னொரு ஆபீசில் நாற்காலி தேடியிருக்கலாம். வக்கீல் கோட்டை மாட்டியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. சென்னைக்குத் திரும்பினார். மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் குடும்பத்துக்கு இடம் இருந்தது. இன்றைக்கு அந்தச் சாலைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று பெயர்.

அங்கே உட்கார்ந்து எழுதுவது. எழுதிய பணத்தில் காட்டுக்குப் போவது. காட்டில் படம் பிடிப்பது. அந்தப் படத்தையும் எழுத்தையும் விற்பது. திரும்பவும் காட்டுக்குப் போவது. இதுதான் திட்டம். மாதச் சம்பளம் கிடையாது. பென்ஷன் கிடையாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை

1950ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கிலப் பத்திரிகையில் அவருடைய பத்தி தொடங்கியது. 'கன்ட்ரி நோட்புக்' என்று பெயர். கிராமத்துக் குறிப்பேடு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். யானை, புலி மட்டும் அல்ல. கொல்லையில் ஓடும் அணில், ஓட்டில் உட்காரும் காக்கை, குளத்து மீன்கொத்தி எல்லாம் அதில் வரும். அவரே எடுத்த படமோ, வரைந்த சித்திரமோ கூட இருக்கும்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. படத்தை மட்டும் அனுப்பினால் பத்திரிகை ஆசிரியருக்கு அது ஒரு படம். பத்தில் ஒன்று. கட்டுரை மட்டும் வந்தால் அதற்குப் படம் தேட வேண்டும். படமும் கட்டுரையும் ஒரே உறையில், ஒரே ஆளிடமிருந்து, சொன்ன நாளில் வந்து விழுந்தால்? ஆசிரியருக்கு ஒரு கவலை விட்டது! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கல்கத்தாவிலிருந்து வரும் சன்மானம், பெரிய தொகை அல்ல என்றாலும், நம்பக்கூடிய தொகை. ஊர் சுற்றிப் பிழைப்பவனுக்கு அத்தகைய ஒரு கயிறு வேண்டும். மற்றதெல்லாம் மழையைப் போல. வந்தால் உண்டு.

இந்தக் காலத்து இளைஞர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காமிராவுக்கு லட்சம் செலவழிப்பார்கள். நாலு வரி எழுதச் சொன்னால் நாலு நாள் காணாமல் போவார்கள்!

கிருஷ்ணன் தமிழிலும் எழுதினார். இயற்கையைப் பற்றிய அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்று ஒரு துப்பறியும் நாவலும் கிருஷ்ணன் எழுதியது உண்டு.

ஒட்டுப் போட்ட காமிரா

அவருடைய காமிரா ஒரு வேடிக்கை. கடையில் வாங்கிய காமிரா அல்ல. உடல் ஒரு கம்பெனி. லென்ஸ் இன்னொரு கம்பெனி. மற்ற உறுப்புகள் வேறு வேறு இடத்தவை. எல்லாவற்றையும் தமக்கு வேண்டியபடி சேர்த்து அவரே அமைத்துக்கொண்டது. பாரம் அதிகம். அதனால் அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். மகா பளு என்று பொருள் தொனிக்கும் பெயர்!

பிற்காலத்தில் பளபளக்கும் வெளிநாட்டுக் காமிராக்களுடன் வந்தவர்கள் இந்த ஒட்டுப் போட்ட பெட்டியைப் பார்த்து அதிசயித்தார்கள். ஆனால் அதிலிருந்து வந்த படங்களைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை.

கறுப்பு வெள்ளைப் படந்தான். வர்ணத்தின் பக்கம் அவர் போகவில்லை. மிருகத்தின் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டுவதிலும் அவருக்கு நாட்டம் இல்லை. யானை நிற்கிறது என்றால் எந்தக் காட்டில், எந்த மரத்தின் கீழ், என்ன புல்லில் நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். மிருகத்தோடு அதன் வீட்டையும் சேர்த்து அவர் படம் பிடித்தார்.

அந்த நாளில் படம் பிடிப்பது எவ்வளவு செலவு என்பது இன்று பிள்ளைகளுக்குப் புரியாது. கைப்பேசியில் நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்துவிடுகிறோம். காலணா செலவில்லை. அன்று அப்படியா? அகலமான பிலிம் சுருள் ஒன்றில் சதுரப் படமாக எடுத்தால் 12 படம். நீளப் படமாக எடுத்தால் 8 படம். அவ்வளவுதான். பிலிம் வெளிநாட்டுச் சரக்கு. எடுத்த படம் நன்றாக வந்ததா, கெட்டதா என்பது ஊருக்குத் திரும்பி, இருட்டறையில் கழுவிப் பார்த்தபின்தான் தெரியும். ஒருமுறை விரலை அழுத்தினால் காசு போயிற்று. ஆகவே அழுத்துவதற்கு முன் பத்துமுறை யோசிக்க வேண்டும். அதற்குள் மான் ஓடிவிடும்!

வன இலாகாவின் பழக்கிய யானை மீது ஏறிக்கொண்டு கிருஷ்ணன் காட்டுக்குள் போவார். காட்டு யானைகளையும் காட்டெருமைகளையும் அருகில் பார்க்க இது நல்ல வழி. மனித வாசனை யானை வாசனையில் மறைந்துவிடும். ஆனால் படம் பிடிப்பவனுக்கு ஒரு தொல்லை. யானை சும்மா நிற்பதில்லை. காதை ஆட்டும், காலை மாற்றும், மூச்சு விட்டாலும் முதுகு அசையும். மேலே உட்கார்ந்து, கனத்த காமிராவைக் கையில் பிடித்து, ஆடாமல் படம் எடுக்க வேண்டும்.

முதுமலை, பந்திப்பூர், பெரியாறு, கன்ஹா, காசிரங்கா என்று காடு காடாகச் சுற்றினார். 1968ல் அவருக்கு ஜவஹர்லால் நேரு நினைவு நிதியின் உதவித்தொகை கிடைத்தது. தென்னாட்டுக் காடுகளில் பெரிய மிருகங்கள் எங்கெங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து எழுதும் வேலை. அந்த அறிக்கை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. பிறகு 1975ல் புத்தகமாயிற்று. இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள். 1959க்கும் 1970க்கும் நடுவில் நம் காட்டில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள அது ஒரு சாட்சி. எழுத்தும் சாட்சி, படமும் சாட்சி.

பத்மஸ்ரீ விருது வந்தது. புலிகளைக் காக்கும் திட்டத்தை வகுத்தவர்களோடு உட்கார்ந்து யோசனை சொல்லும் இடமும் வந்தது. ஆனால் அவர் கடைசிவரை எந்த ஆபீசுக்கும் சம்பளக்காரர் ஆகவில்லை.

குமாஸ்தா ஏறிய மலை

இந்தப் பைத்தியம் கிருஷ்ணனோடு தொடங்கியதல்ல. காமிரா பிறந்த நாளிலிருந்தே உண்டு.

சாமுவேல் பௌர்ண் என்று ஓர் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் வங்கிக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு 1863ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். இமயமலையில் மூன்று பெரிய பயணங்கள் செய்தார். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில், மருந்து பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே கழுவ வேண்டும். ஆகவே காமிரா, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாவற்றையும் கூலியாட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு மலை ஏறினார். 1866ல் சுமார் 18,600 அடி உயரத்தில் மணிரங் கணவாயில் படம் எடுத்தார். நிற்கவே மூச்சு முட்டும் இடம் அது!

பணம் எப்படி வந்தது? ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்தார். பட்டியல் அச்சிட்டார். வேண்டிய எண்ணைச் சொன்னால் பிரதி கிடைக்கும். ஒரே தகட்டிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் விற்கலாம் அல்லவா? அவர் பங்காளியாக இருந்த கம்பெனி கல்கத்தாவில் 2016 வரை நடந்தது. 1870க்குப் பிறகு பௌர்ண் நாட்டிங்காமுக்கே திரும்பிப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிவிட்டார். மலை ஏறியது போதும் என்று தோன்றியதோ என்னவோ!

நம்மவர் ஏ.கே. செட்டியார் கதை வேறு. 1911ல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகை நடத்தினார். ஜப்பானிலும், பிறகு அமெரிக்காவிலும் போட்டோப் படிப்பு படித்தார். 1937ல் காந்திஜி பிறந்த நாளன்று கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்திஜியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றினார். பல நாடுகளில் பலர் எடுத்து வைத்திருந்த 50,000 அடி பிலிமைத் தேடிச் சேர்த்தார். 1940ல் படம் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற பெயர் அவருக்கே நிலைத்தது. ஆனால் இதற்குத் தனி மனிதனின் சட்டைப் பை போதாது. ஒரு கம்பெனி ஆரம்பித்து, பங்குப் பணத்தில் செய்த காரியம் அது.

ஊரெல்லாம் படம் எடுத்த செட்டியாருக்குத் தம்மைப் படம் எடுத்தால் மட்டும் பிடிக்காது!

படம் யாருக்குச் சொந்தம்?

1950 ஏப்ரல் மாதம். திருவண்ணாமலையில் ரமண மகரிஷி உடல் நலம் குன்றிக் கிடந்தார். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருந்தார். கையில் சின்னக் காமிரா. ஏப்ரல் 14 இரவு வானத்தில் ஒரு நட்சத்திரம் ஒளி வீசிப் பாய்ந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. அதே நேரத்தில் மகரிஷி உயிர் நீத்தார் என்ற செய்தி வந்தது.

அந்தப் பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸோன். 1948 ஜனவரி 30ந் தேதி காந்திஜி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவரும் அவர்தான். உலகம் முழுவதும் சுற்றினார். அவருக்கு யார் படி அளந்தார்கள்?

1947ல் அவரும் ராபர்ட் காப்பா முதலிய நண்பர்களும் சேர்ந்து 'மாக்னம்' என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். கிட்டத்தட்ட கூட்டுறவுச் சங்கம் மாதிரி. அதன் முக்கிய விதி: படம் எடுத்தவனுக்கே படம் சொந்தம். அதற்கு முன் பெரும்பாலும் என்ன நடக்கும்? பத்திரிகை பணம் கொடுக்கும். படமும் உரிமையும் பத்திரிகைக்குப் போய்விடும். படக்காரன் கூலியாள் மாதிரி. மாக்னம் வந்தபின், ஒரே படத்தைப் பாரிசில் ஒரு பத்திரிகைக்கும், நியூயார்க்கில் இன்னொன்றுக்கும், லண்டனில் மற்றொன்றுக்கும் விற்கலாம். ஒரு பயணத்துக்கு மூன்று வரவு! மாட்டை விற்காமல் பாலை விற்பது போல.

இது வெளிநாட்டுச் சமாசாரம் என்று விட்டுவிடக் கூடாது. நம் நாட்டிலும் 1957ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. சேரன்மகாதேவியில் காமிரா வைத்திருக்கும் பையனுக்கும் அது பொருந்தும். நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுக்கே சொந்தம். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, "என் வீட்டுக் கல்யாணத்தை எடு" என்று சொல்லி எடுத்த படம், வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே சொந்தம். அதைக் கேட்காமல் கடை வாசலில் மாட்டி வைத்தால் வம்பு வரும். பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எடுத்த படத்தைப் பிரசுரிக்கும் உரிமை பத்திரிகைக்கு. 2012ல் சட்டத்தைத் திருத்தியபின், படம் எடுத்தவர் ஆயுள் முழுவதும், அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை நீடிக்கிறது. ஆற்றங்கரையில் எடுத்த ஒரு படம் பேரப் பிள்ளைக்குக்கூடக் காசு தரலாம்.

தரலாம் என்றுதான் சொல்ல முடியும். இன்று காமிரா இல்லாத கை ஏது? படம் மலிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வழியாகப் படம் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் இருக்கின்றன. கோடிக்கணக்கான படங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஒரு படம் ஒருமுறை விற்றால் எடுத்தவனுக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைக்காத நாள் உண்டு. சூரியன் உதிப்பதை எல்லாரும் எடுத்து அனுப்பிவிட்டார்கள்! கன்னடியன் கால்வாயில் எந்த மாதம் தண்ணீர் திறக்கிறார்கள், பத்தமடைக் கோரையை எப்படி ஊறப்போட்டுக் கிழிக்கிறார்கள், எந்தக் குளத்துக்கு எந்தப் பறவை எப்போது வரும் என்று தெரிந்து எடுக்கிறவனுக்குத்தான் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மற்றச் செலவுக்குக் கல்யாண வீடு இருக்கவே இருக்கிறது. அதில் வெட்கம் என்ன? கிருஷ்ணனும் கேலிச் சித்திரம் வரைந்து பிழைத்தவர்தானே!

மேற்கே தெரியும் மலை

சேரன்மகாதேவியிலிருந்து மேற்கே தெரிகிறதே, அந்த மலைத்தொடரின் காடு இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1962ல் முண்டந்துறை சரணாலயமாயிற்று. 1976ல் களக்காடு. அங்கே மழைக்காட்டு மரத்தின் உச்சியில் வாழும் சிங்கவால் குரங்கைக் காப்பதற்காகவே அந்தச் சரணாலயம் ஏற்பட்டது. கறுப்பு உடல், முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு உள்ளது போல் ஒரு குஞ்சம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத பிராணி. 1988ல் இரண்டு சரணாலயங்களையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதன் மையப் பகுதியின் பரப்பு மட்டும் சுமார் 895 சதுர கிலோ மீட்டர். தாமிரபரணி பிறப்பது அங்கேதான். அந்த மரங்கள் போனால் இந்த வயல் ஏது? கொக்கு ஏது?

யாரும் பார்க்காத காட்டை வெட்டுவது சுலபம். படமாகப் பார்த்து, கதையாகப் படித்து, "அடடா" என்று நாலு பேர் சொன்ன காட்டை வெட்டக் கொஞ்சம் கை கூசும். கிருஷ்ணன் போன்றவர்கள் செய்த வேலை அது. காட்டுக்குள் போவதற்கு இன்று வன இலாகாவின் அனுமதி வேண்டும். காமிராவுக்கும் கேட்க வேண்டும். கேட்காமல் நுழைந்தால் படத்தோடு வழக்கும் சேர்ந்து வரும். ஆனால் கொல்லையில் வரும் செம்போத்தை எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். கிருஷ்ணனுடைய பாதிப் பத்திகள் அப்படிக் கொல்லையில் பிறந்தவைதான்.

வெளிநாட்டுச் செடிகளை வீதியோரம் நட்டு அழகு பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. புன்னையும் வேம்பும் மருதும் இருக்க இரவல் மரம் எதற்கு என்று சண்டை போடுவார். ஆபீசுக்குக் கட்டுப்படாதவர் என்பதால் யாரிடமும் சண்டை போட அவருக்குத் தடை இல்லை. சம்பளம் வாங்காததில் இப்படி ஒரு லாபம்! நஷ்டமும் இருந்திருக்கும். காட்டில் அவர் இருந்த நாட்களிலெல்லாம் வீட்டை நடத்தியது இந்துமதி அம்மாள். காமிராக்காரர்கள் கதையில் அந்தப் பக்கத்தை யாரும் அதிகம் எழுதவில்லை.

வயது எண்பதைத் தாண்டிய பிறகும் அவர் பத்தியை நிறுத்தவில்லை. ராஜாக்கள் போனார்கள், மந்திரிகள் மாறினார்கள், கண்ணாடித் தகடு போய், பிலிம் வந்து, வர்ணப் படம் வந்து, எல்லாம் மாறியது. கல்கத்தாவுக்குத் தபால் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

1996 பிப்ரவரி 18. ஞாயிற்றுக்கிழமை. 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் வழக்கம்போல் கிருஷ்ணனின் பத்தி வெளியாயிருந்தது. அன்றுதான் சென்னையில் அவர் காலமானார்.